போக்சோ: நிறைவேறிய நாளா, அமலுக்கு வந்த நாளா? எதைப் படிப்பது?

கேள்வி – 11 ஆகஸ்ட் 2024

குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். குழந்தைகள் பாதுகாப்பு சம்பந்தமான சட்டம் எதை எடுத்தாலும் ரெண்டு தேதி இருக்கு. குடியரசுத் தலைவர் ஒப்புதல் ஒரு நாள், அமலுக்கு வந்தது இன்னொரு நாள். நோட்ஸ்ல ஒருத்தர் இதைப் போடறார், இன்னொருத்தர் அதைப் போடறார். எதை மனப்பாடம் பண்றது? நாடாளுமன்றத்துல நிறைவேறிட்டா சட்டம்தானே? நடுவுல இருக்கற சில மாசத்தால யாருக்கு என்ன ஆகிடப் போகுது?

11 ஆகஸ்ட், இரவு

தம்பி, அமலுக்கு வந்த தேதியைப் படியுங்கள். நேரம் இருந்தால் இரண்டையும் படியுங்கள்.

போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்): ஒப்புதல் 19 ஜூன் 2012, அமல் 14 நவம்பர் 2012.
குழந்தைத் திருமணத் தடைச் சட்டம்: ஒப்புதல் 10 ஜனவரி 2007, அமல் 1 நவம்பர் 2007.
இளைஞர் நீதிச் சட்டம் (குழந்தைகள் பராமரிப்பு, பாதுகாப்பு பற்றியது): ஒப்புதல் 31 டிசம்பர் 2015, அமல் 15 ஜனவரி 2016.

இந்தச் சட்டங்களின் முதல் பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்று இருக்கும். அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் அச்சில் இருக்கும், காவல் நிலையத்தில் இருக்காது.

உங்கள் கடைசி வரிக்கு இப்போது பதில் சொல்ல முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

12 ஆகஸ்ட்

யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஒரு குழந்தைக்கு ஆனதைச் சொல்கிறேன். ஊர், பெயர், உறவு எதையும் சொல்ல மாட்டேன். போக்சோவின் 23ஆம் பிரிவு என்னையும் கட்டும்.

2013 ஜனவரி. நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆற்றுப்படுத்துநர். ஒன்பது வயதுப் பெண் குழந்தையைப் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு முறை தவறாகத் தொட்டிருக்கிறான். இரண்டாவது முறை எப்போது என்று கேட்டதும் குழந்தை சட்டென்று சொன்னாள்: அரைப் பரீட்சை லீவில். முதல் முறை? கொஞ்சம் யோசித்தாள். "தீபாவளிக்கு மொத நாள். அப்பா பட்டாசு வாங்கப் போயிருந்தாங்க."

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. மொத நாள் என்றால் 12. போக்சோ அமலுக்கு வந்தது 14.

காவல் நிலையச் சுவரில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் தொங்கியது. அது புது வருடத்துக் காலண்டர், அதில் 2012 இல்லை. எழுத்தர் உள்ளே போய்ப் பழைய காலண்டரைத் தேடி எடுத்து வந்தார். விரலை வைத்து 12, 13, 14 என்று எண்ணிக் காட்டினார். "மேடம், ரெண்டு நாள் முந்திருச்சு."

ஜூனில் ஒப்புதல் ஆன சட்டம். ஐந்து மாதம் போயிருந்தது. இரண்டு நாள் இடித்தது.

12 ஆகஸ்ட், பின்னிரவு

மேலே எழுதியதை அப்படியே விட்டால் கதை அரைகுறையாக நிற்கும்.

முதல் சம்பவம் இந்தியத் தண்டனைச் சட்டம் 354இல் போனது. அன்றைக்கு அதில் அதிகபட்சமே இரண்டாண்டுதான் (2013 பிப்ரவரியில்தான் அந்தப் பிரிவு கடுமையானது). இரண்டாவது சம்பவம் போக்சோவில். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை என்பதால் 10ஆம் பிரிவு, குறைந்தது ஐந்தாண்டு. தீர்ப்பும் அப்படித்தான் வந்தது: டிசம்பருக்கு ஐந்தாண்டு, நவம்பருக்கு ஓராண்டு. அதே ஆள், அதே குழந்தை, அதே வீடு.

பாட்டி என்னிடம் கேட்டார்: "மொதல்ல பண்ணது பாதி தப்பாம்மா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

13 ஆகஸ்ட்

"பின்தேதியிட்டு அமல்படுத்தினால் என்ன?" என்று இங்கே இருவர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. அரசியலமைப்பின் 20(1): செய்த நேரத்தில் எது குற்றமோ அதற்குத்தான் தண்டனை, அன்றைக்கு என்ன தண்டனை இருந்ததோ அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. அது சரியான விதி. நாளைக்கு நம் பிள்ளைகளையும் காக்கப் போவது அதுதான். ஆகவே பின்னால் இழுக்க வழியில்லை. முன்னாலேயே கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

15 ஆகஸ்ட்

இன்று பள்ளியில் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஐந்து மாதத்துக்கே ஆற்றாமைப்படுகிறேன் என்றால், கல்வி உரிமைக்கு என்ன சொல்வது? 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை என்று 21ஏ பிரிவைச் சேர்த்த 86ஆவது திருத்தத்துக்கு 12 டிசம்பர் 2002இல் ஒப்புதல் கிடைத்தது. அது அமலுக்கு வந்தது 1 ஏப்ரல் 2010. கல்வி உரிமைச் சட்டமும் அதே நாள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்புதல் நாளில் ஏழு வயது நிரம்பியிருந்த பிள்ளைக்கு அமலான நாளில் பதினான்கு தாண்டிவிட்டது. முழு உரிமையும் கைக்கு எட்டாமலே அந்தப் பிள்ளை வயதைக் கடந்துவிட்டது. பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போன பிள்ளைகளை அந்த ஆண்டுகளில் நான் பார்த்திருக்கிறேன். "உனக்கு உரிமை இருக்கு" என்று அவர்களிடம் சொன்னால் பொய் ஆகியிருக்கும். உரிமை எழுதப்பட்டிருந்தது, தொடங்கப்படவில்லை.

18 ஆகஸ்ட்

ஒரு வக்கீல் நண்பர் (இங்கே அடிக்கடி எழுதுபவர்) மறுத்திருக்கிறார்: அவகாசம் வேண்டும், விதிகள் எழுத வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, சென்ற டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவை இந்த ஜூலை 1 அன்று அமலாக்கியதற்கும் அதுதான் காரணம் என்கிறார்.

அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். போக்சோ அந்த ஐந்து மாதத்தைச் சும்மா கழிக்கவில்லை. சட்டமும் விதிகளும் ஒரே நாளில் அமலுக்கு வந்தன. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவுக்கு (பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) தகவல் தர வேண்டும் என்பது போன்றவை முதல் நாளிலிருந்தே இருந்தன. இளைஞர் நீதிச் சட்டமும் அப்படியே விதிகளோடு வந்தது, அதுவும் பதினைந்தே நாளில்.

19 ஆகஸ்ட்

திருத்தம். நேற்றைய கடைசி வரி தவறு. நினைவை நம்பி எழுதிவிட்டேன். இளைஞர் நீதிச் சட்டம் 15 ஜனவரி 2016இல் அமலானது சரி. மத்திய மாதிரி விதிகள் வந்தது 21 செப்டம்பர் 2016. தமிழ்நாட்டு விதிகள் 2017. அதாவது சட்டம் பதினைந்து நாளில் ஓடி வந்தது, விதிகள் பின்னால் எட்டு மாதம் நடந்து வந்தன. குழந்தைத் திருமணச் சட்டத்துக்கும் அப்படித்தான், 2007இல் அமல், தமிழ்நாட்டு விதிகள் 2009.

ஆக, வக்கீல் நண்பரின் வாதம் நான் நினைத்ததைவிட வலுவானது. அவசரமாகத் தொடங்கினால் படிவம் இல்லாத சட்டம் கிடைக்கும். தாமதமாகத் தொடங்கினால் இரண்டு நாளில் நழுவிய குழந்தை கிடைக்கும். என்னிடம் கேட்டால் முன்னதையே தேர்ந்தெடுப்பேன். படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளலாம், எழுதியிருக்கிறோம்.

19 ஆகஸ்ட், மாலை

தம்பி, உங்கள் தேர்வுக்கு: 2019 திருத்தம் (போக்சோ தண்டனைகளைக் கூட்டியது) அமல் 16 ஆகஸ்ட் 2019. புதிய போக்சோ விதிகள் 9 மார்ச் 2020.

24 ஆகஸ்ட்

சென்ற வாரம் எழுதியதை எல்லாம் மறுபடி படித்தேன். அரசிதழையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றுகிறது. அந்த 2013 வழக்கில் தேதி ஒன்று மட்டும்தானா இடித்தது?

போக்சோ 24ஆம் பிரிவு: வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. எடுக்க வேண்டும், எடுப்பவர் சீருடையில் இருக்கக் கூடாது. சட்டம் அமலுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் போனது காவல் நிலையத்துக்குத்தான். எஸ்.ஐ. அம்மாவிடம் மாற்றுத் துணி இல்லை. காக்கிச் சட்டை மேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே தெரிந்த பிரவுன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும். முக்கால் மணி நேரத்தில் அரைப் பக்கம் தேறவில்லை.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்: "சட்டம் வந்துடுச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். எங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரலையே."

மறுநாள் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மெரூன் நிறச் சுங்குடிச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. குழந்தை முதலில் சேலையில் இருந்த புள்ளிகளை எண்ணினாள். பிறகு பேசினாள். தீபாவளிக்கு மொத நாள் என்ற விவரம் விரிவாகப் பதிவானது அந்தத் திண்ணையில்தான்.

அதன்பின் அந்தச் சேலை ஸ்டேஷன் பீரோவிலேயே இருந்தது. அந்த அம்மா மாற்றலாகிப் போன பிறகும் இருந்தது. அடுத்து வந்தவர் அதையே கட்டிக்கொண்டு வந்து ஒரு குழந்தையிடம் பேசியதைப் பார்த்திருக்கிறேன், கரை நைந்து போயிருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த ஸ்டேஷனில் 24ஆம் பிரிவு அமலுக்கு வந்தது, சேலை பீரோவுக்குள் வந்த நாளில்.

25 ஆகஸ்ட்

அந்த வழக்கில் 35ஆம் பிரிவும் நடக்கவில்லை. வழக்கைக் கையில் எடுத்த ஓராண்டுக்குள், இயன்றவரை, விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. குழந்தை கூண்டேறியது 2015இல், ஏழாம் வகுப்பில். "இயன்றவரை" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வாய்தா அடங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

1 செப்டம்பர்

இன்றோடு சரியாக இரண்டு ஆண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 1 செப்டம்பர் 2022 அன்று அமலானது. ஒப்புதல் 2021 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, நடுவில் பதின்மூன்று மாதம்.

இந்தத் தாமதம் இன்னும் நீண்டிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கினேன். முரண்படுகிறேன் என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். அந்தத் திருத்தம் 86ஆம் பிரிவைத் தொட்டது. மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை நேரடியாக வழக்குப் பதிய முடியாது என்று ஆனது. அந்த வரிசையில் என்ன இருக்கிறது தெரியுமா? குழந்தையைப் பிச்சை எடுக்க வைப்பது. குழந்தைக்குச் சாராயமோ போதைப் பொருளோ கொடுப்பது. குழந்தையை வேலைக்கு வைத்துக் கூலியைப் பிடுங்குவது. குழந்தையை விற்பது, வாங்குவது. முந்தைய நாள் வரை ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட முடிந்த குற்றங்கள்.

சிக்னலில் மயங்கிய கைக்குழந்தையை இடுப்பில் வைத்துப் பிச்சை கேட்பவரைப் பார்த்துவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்கிறீர்கள். குழந்தையை மீட்டுவிடலாம். கொண்டுவந்தவர்மேல் வழக்கு என்றால் முதலில் நீதிமன்றப் படியேற வேண்டும். அதற்குள் அவர் எந்த ஊரில் இருப்பாரோ.

அதே திருத்தம் தத்தெடுப்பு உத்தரவை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. புதிய தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வந்தது செப்டம்பர் 23. நடுவில் மூன்று வாரம் கோப்புகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றன. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, தொட்டிலுக்குக் கொசுவலை வரை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

2 செப்டம்பர்

"ஆக, சட்டம் சீக்கிரம் வந்தாலும் திட்டுறீங்க, லேட்டா வந்தாலும் திட்டுறீங்க" என்று ஒருவர். திட்டவில்லை ஐயா. தொடங்கும் நாளைக் குறிப்பவர்கள் அந்த நாளில் ஒரு குழந்தை வாசலில் நிற்பதை நினைத்துக்கொண்டு குறிக்க வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

8 செப்டம்பர்

அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அம்மா தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அரைகுறையாகக் கேட்டது, முழுதாக இப்போதுதான் கேட்கிறேன்.

சார்தா சட்டம். ஹர்பிலாஸ் சார்தா கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம், 1929. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினாறு வயது. 1929 செப்டம்பர் கடைசியில் நிறைவேறியது. 1 ஏப்ரல் 1930 முதல் அமல் என்று முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் அவகாசம். அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் என்ன நடந்தது? கல்யாணம். சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தொட்டில் பிள்ளை வரை தாலி ஏறியது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறுவயது மனைவியர் எண்ணிக்கை கூடியிருந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

கொள்ளுப்பாட்டிக்கு அப்போது எட்டு வயது. மாசியில் கல்யாணம். ஒரே பந்தலில் அக்கா, தங்கை, சித்தப்பா பெண் என மூன்று பேருக்கு. தூக்கம் வந்து மணையிலேயே சாய்ந்துவிட்டாளாம். யாரோ தோளில் போட்டுக்கொண்டு போய் மாலை மாற்றினார்களாம். "அந்தச் சட்டம் மட்டும் வரலைன்னா எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பண்ணியிருப்பா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரைக் காக்க வந்த சட்டம் அவரைத்தான் முதலில் துரத்திப் பிடித்தது.

அந்தத் தேதிக்குப் பிறகும் வழி இருந்தது. சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்தான். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கோ பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரிக்கோ வண்டி கட்டினால் போதும்.

வக்கீல் நண்பரே, அவகாசம் கேட்டீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

9 செப்டம்பர்

திருத்தம்: சார்தா சட்டத்தில் ஆணுக்குப் பதினெட்டு. பதினாறு என்று எழுதியது என் பிழை. வக்கீல் நண்பருக்கு நன்றி. என் கேள்விக்கும் அவர் நேர்மையாகப் பதில் சொன்னார்: விதி எழுத அவகாசம் எடுக்கலாம், ஆனால் தடுக்க வேண்டிய செயலையே செய்து முடிக்கத் தேதி குறித்துக் கொடுக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் ஓரிடத்துக்கு வந்துவிட்டோம்.

21 செப்டம்பர்

ஒரு மாதமாகச் சொல்லத் தயங்கியதை எழுதிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டத்தில் குழந்தை நலக் குழு உறுப்பினராக இருந்தேன். தலைவர் ஒருவர், உறுப்பினர் நான்கு பேர் என்று சட்டம் சொல்கிறது. மாதத்துக்குக் குறைந்தது இருபது நாள் அமர வேண்டும். இறுதி உத்தரவுக்கு மூன்று பேராவது இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு இடம் முதலிலிருந்தே காலி. ஒருவர் உடல்நலம் சரியில்லாமல் விலகினார். இன்னொருவருக்கு வேறு வேலை கிடைத்தது. மிஞ்சியது தலைவரும் நானும்.

அந்த நேரத்தில் ரயில் நிலையத்தில் கிடைத்த பதினோரு வயதுப் பையன் வந்தான். அப்பா அடித்ததற்குக் கோபித்துக்கொண்டு ரயிலேறியவன். 24 மணி நேரத்துக்குள் எங்கள் முன் கொண்டுவந்தார்கள், சட்டப்படி சரி. வரவேற்பு இல்லத்துக்கு அனுப்பினோம், சரி. நான்காம் நாள் அம்மா வந்துவிட்டார். வேறு மாவட்டம், இரண்டு பஸ் மாறி வர வேண்டும். மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, ஆதார், பையனின் மார்க் ஷீட், தூக்குவாளியில் புளிச்சோறு. நன்னடத்தை அலுவலரின் வீட்டு விசாரணை அறிக்கையும் வந்தது, அனுப்பலாம் என்றது. ஆனால் ஒப்படைக்கும் இறுதி உத்தரவுக்கு மூன்றாவது கையெழுத்து இல்லை.

மேலிடத்துக்கு எழுதினோம். மறுபடி எழுதினோம். அந்த அம்மா மூன்று தடவை வந்து திரும்பிப் போனார். மூன்றாம் தடவை தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. ஏழு வாரம் கழித்துப் பக்கத்து மாவட்டக் குழுவுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த முதல் நாளே உத்தரவு ஆயிற்று, பத்து நிமிட வேலை.

குழுக்களில் காலியிடங்களை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 9 பிப்ரவரி 2018 அன்று சொல்லியிருந்தது. அந்த வழக்கு போடப்பட்டது 2005இல். அந்தத் தீர்ப்பு நகல் எங்கள் மேசையிலேயே இருந்தது.

இடைக்கால உத்தரவு போட்டு அம்மாவோடு அனுப்பிவிட்டுப் பிறகு உறுதி செய்திருக்கலாம். தலைவரிடம் நான் அதை வற்புறுத்தியிருக்க வேண்டும். விதி தெரிந்தும் பயந்துவிட்டேன். பையன் அந்த ஏழு வாரமும் பள்ளிக்குப் போகவில்லை. அரசைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

22 செப்டம்பர்

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நேற்று இரவு கேட்டிருக்கிறார்: "குழு உறுப்பினராக நான் விண்ணப்பிக்கலாமா? என்னை யார் விடுவார்கள்?"

தாராளமாக விண்ணப்பியுங்கள் சார். கல்வி, சமூகப்பணி, சட்டம், உளவியல் போன்றவற்றில் பட்டம், குழந்தைகளுக்கான கல்வி, நலப் பணிகளில் ஏழு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். உங்களிடம் அது போல ஐந்து மடங்கு இருக்கிறது. மாவட்டத்தில் குழந்தைகள் இல்லம் நடத்தும் நிர்வாகம் எதிலும் இருக்கக் கூடாது. மூன்றாண்டுத் தவணை. மாதம் இருபது நாள் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெயருக்கு உட்காருகிறவர்களால் ஏற்கெனவே பட்டுவிட்டோம். அரசு விளம்பரம் வரும்போது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விவரம் கிடைக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடம் காட்டுவார்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: தேர்வு நல்லபடி எழுதியிருப்பீர்கள். வேலை கிடைத்து ஏதாவது ஒரு மாவட்டத்தில் சமூகப் பாதுகாப்புத் துறைக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், உறுப்பினர் காலியிடக் கடிதம் எது என்று முதலில் தேடுங்கள். எங்கள் கடிதம் எந்த மேசையில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.